அப்பாவின் பழைய மெக்கானிக் கருவிகளை எடைக்குப் போடலாமா? இந்தக் காலக் கார்களுக்கு அவை உதவுமா?

போடாதீர்கள். அப்பா பட்டறை வைத்திருந்தவர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "பெட்டி நிறைய ஸ்பேனர், ஒரு ஃபீலர் கேஜ், பெயர் தெரியாத ஒரு மீட்டர்" என்று கேள்வியில் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஃபீலர் கேஜ் என்பது சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு. அந்த மீட்டரின் முனையில் ஸ்பார்க் பிளக்கில் இருப்பது போன்ற மரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டுவது. என் வண்டியைக் காப்பாற்றியது அதுதான்.

என் தாய்மாமா திருச்சி பாலக்கரையில் முப்பது வருடம் பட்டறை நடத்தினார். அம்பாசடரும் ஃபியட்டும்தான் அதிகம் வரும். பள்ளி விடுமுறையில் நான் அங்கே எடுபிடி. அம்பாசடருக்கு 7/16, 1/2, 9/16 என்று அங்குலக் கணக்கு, ஃபியட்டுக்கு 10, 13, 17 என்று மில்லிமீட்டர் கணக்கு. மாற்றிக் கொடுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும், அன்று முழுக்க மாமா என்னோடு பேச மாட்டார்.

நீளத் திருப்புளியின் முனையை ஓடும் எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். டாப்பெட் சத்தமா, டைமிங் செயினா, வாட்டர் பம்ப் பேரிங்கா என்று இடத்தைப் பிடித்துவிடுவார். பிளக்கைக் கழற்றியதும் நிறம் பார்ப்பார். காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது. வால்வ் கிரைண்டிங் (வால்வ் கசியாமல் உட்காரும்படி தேய்ப்பது) செய்யும்போது ரப்பர் கப் வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்து கடைவதுபோல உருட்டிக்கொண்டே இருப்பார். முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் ஹெட்டை மாட்டுவார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 2015 மாடல் மூன்று சிலிண்டர் வேன், எல்பிஜியில் ஓடுவது. சில வருடம் முன்பு ஐடிலில் நிற்கும்போது உதற ஆரம்பித்தது. வேகம் எடுத்தால் தெரியாது, சிக்னலில் நின்றால் உடம்பே ஆடும். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங், எரிபொருள் சரியாக எரியவில்லை. பிளக் மாற்றினார்கள், அப்புறம் இக்னிஷன் காயில், அப்புறம் இன்ஜெக்டர். மூன்று தடவையில் 11,400 ரூபாய் போனது, உதறல் போகவில்லை. கடைசியில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 35,000 ஆகும் என்றார்கள்.

மாமாவுக்கு அப்போது 71 வயது, பட்டறையை மூடி வெகு காலம் ஆகியிருந்தது. மஞ்சள் பையில் கேஜோடு பஸ்ஸில் வந்தார். மூன்று பிளக்கையும் கழற்றி, கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒன்றாவதும் மூன்றாவதும் 165 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டின. இரண்டாவது 95. உடனே அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். அப்போதும் 95தான். "ரிங் நல்லா இருக்கு மாப்ள, வால்வ்தான்" என்றார். ஆயில் போய் ரிங்கின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். ரிங் தேய்ந்திருந்தால் முள் ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் கசிவு மேலே இருக்கிறது.

டாப்பெட் கவரைத் திறந்து, வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் ஃபீலர் கேஜை நுழைத்தார். இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. எல்பிஜியில் ஓடும் வண்டிகளில் வால்வ் உட்காரும் சீட் சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வ் மேலே ஏறி, இடைவெளியே இல்லாமல் போய், முழுக்க மூடாமல் நிற்கும். லாக் நட்டைத் தளர்த்தி, மேனுவலில் சொன்ன இடைவெளி வைத்து இறுக்கினார். முள் 155க்கு வந்தது, உதறல் நின்றது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வால்வ் கருகியிருக்கும் என்றார். புதுப் பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஸ்கேனருக்கு நான் எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஏபிஎஸ், ஏர்பேக், சென்சார் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எந்த சிலிண்டர் என்று அது சரியாகத்தான் சொன்னது. ஏன் என்று தேடவேண்டியது மனிதன், அதற்கு ஒரு கேஜும் ஒரு ஸ்பூன் ஆயிலும் போதும். பழைய காலம் எல்லாமே பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். ஈயம் கலந்த பெட்ரோலில் கை கழுவினார்கள், ஆஸ்பெஸ்டாஸ் பிரேக் தூசியை வாயால் ஊதினார்கள். ஈயம் 2000இல்தான் நாடு முழுக்க நின்றது. மாமாவுக்கு இன்றும் இருமல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று இந்த வேலையை எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் செய்ய விடவில்லை. பானெட் திறக்கக் கூடாது, தரை அழுக்காகும் என்று சங்கத்தில் தீர்மானமாம். வாட்ச்மேன் வந்து எழுப்பிவிட்டார். சொந்த வண்டி, சொந்த இடம், மாதம் தவறாமல் பராமரிப்புப் பணம் கட்டுகிறேன். 71 வயது மனிதர் தெருவில் வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தார். கீழே ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

உங்கள் பெட்டிக்கு வருவோம். ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். துரு ஏறினால் அளவு பொய்யாகிவிடும். கம்ப்ரஷன் கேஜின் ரப்பர் வாஷர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள், சில ரூபாய்தான். 7/16, 1/2 என்று பொறித்த ஸ்பேனர்கள் உங்கள் காருக்கு உதவாது. விற்பதாக இருந்தால் இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாமல், அம்பாசடர் வைத்திருக்கும் யாரையாவது தேடிப் பிடித்துக் கொடுங்கள்.