காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிப் படிப்பு: சிறப்பாசிரியர் பதில்கள்

என் மகளுக்குக் காது கேட்காது. மூன்றாம் வகுப்பு. கணக்கு நன்றாகப் போடுகிறாள், தமிழில் ஒரு வரி எழுதத் திணறுகிறாள். அறிவு குறைவா?

இல்லவே இல்லை அம்மா. மற்ற பிள்ளைகள் பேசக் கற்ற பிறகு ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். இவள் மொழியையே பள்ளியில்தான் தொடங்குகிறாள். 'நாய் பையன் கடி' என்று எழுதுவாள், நோட்டைப் பாருங்கள். யார் யாரைக் கடித்தது? சொற்கள் தெரியும், 'ஐ' உருபு பிடிபடவில்லை. கணக்கையே நான்கு வரிக் கதையாகக் கேட்டால் அங்கும் விழுவாள். சிவப்பு மையில் திருத்திப் பயனில்லை. நாய் கடிப்பதையும் பையன் கடிப்பதையும் இரண்டு படமாக வரைந்து, உரிய வாக்கியத்தைப் பொருத்தச் சொல்லுங்கள். பையன் கடிக்கும் படத்துக்குச் சிரித்துவிட்டாள் என்றால் புரிந்துவிட்டது.

சைகை பழகினால் பேச்சு வராது என்கிறார்களே?

வீண் பயம். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளட்டும் என்பவர்கள் கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பார்க்கட்டும். உதடு ஒரே மாதிரிதான் அசையும். ஏதாவது ஒரு மொழி சின்ன வயதிலேயே முழுதாக வந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

காதுக்குள் காக்ளியர் கருவி வைக்கும் அறுவை செய்தால் போதுமா?

போதாது. அதன்பின் பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் போக வேண்டும்.

நான் ஆசிரியர். பார்வையற்ற மாணவன் ஒருவன் வாயால் எல்லாம் சொல்கிறான், எழுத்துத் தேர்வில் மதிப்பெண் குறைகிறது.

விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புத்தகம் அவன் கைக்கு எப்போது வந்தது சார்? பருவம் பாதி ஓடிய பிறகு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், எழுதும் வேலையே கூடுதல். கட்டம் கட்டமாக உள்ள பிரெயில் ஸ்லேட்டில் தாளை வைத்து, ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளிகள் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறான். 'கொ' எழுத 'க'வுக்கு ஒரு கட்டம், 'ஒ'வுக்கு ஒரு கட்டம். 'க்' என்றால் புள்ளிக்கும் தனிக் கட்டம். கூடுதல் நேரம் கொடுங்கள், அது சலுகை அல்ல. கணக்குக்கு, துளைகளில் சிறு முளைகளைச் செருகி எண்களை அமைக்கும் டெய்லர் பலகை அல்லது மணிச்சட்டம் பழக்குங்கள். மனக்கணக்கிலேயே ஓட்டினால் வகுத்தலில் மாட்டிக்கொள்வான்.

சிறப்புப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இரண்டிலும் இலவசக் கல்வி உண்டு. தேர்வு உங்களுடையது. சேர்க்கும் முன், சைகையோ பிரெயிலோ தெரிந்த ஆசிரியர் தினமும் இருப்பாரா என்று விசாரியுங்கள். வாரம் ஒருநாள் வந்து போகிறவரை நம்பி மொழி கற்க முடியாது. நானே அப்படி வந்து போகிறவள்தான், அதனால் சொல்கிறேன்.