16,000 ரூபாய் மிச்சம் யார் கையில்?

கேள்வி: என் கணவருக்கு மில்லில் தீபாவளி போனஸ் 27,000 ரூபாய் வந்திருக்கிறது. ஆன்லைன் பண்டிகைத் தள்ளுபடியில் 40,000 ரூபாய் டிவி 24,000-க்குக் கிடைக்கிறது. என் தம்பியின் கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையில் எடுத்தால் மாதம் 4,000 வீதம் ஆறே மாதம். போனஸில் துணிமணி, பட்டாசு, புது மிக்ஸி எல்லாம் முடித்துவிடலாம். பழைய டிவி ஓடுகிறது, ஆனாலும் 16,000 ரூபாய் மிச்சமாகும்போது விடுவானேன்? மாமியாரோ, போனஸை அப்படியே போஸ்ட் ஆபீஸில் போடச் சொல்கிறார். ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக நூற்றுக்கு இரண்டு வட்டியில் 20,000-க்கு அடகு வைத்த என் வளையல் வேறு இன்னும் கடையில் இருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கணக்கு முழுத் தப்பு, மாமியார் கணக்கு பாதித் தப்பு.

டிவி, மிக்ஸி, பட்டாசு எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வளையலிலிருந்துதான் இந்தக் கணக்கே தொடங்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 400 ரூபாய் வட்டி. ஜூனிலிருந்து ஐந்து மாதத்துக்கு 2,000 ஏறியிருக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் 24 சதவீதம். நீங்கள் டிவி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கெடு தாண்டினால் வளையலே முழுகிப்போகும்.

இப்போது அந்த 16,000-க்கு வருவோம். அது எங்கே இருக்கிறது? உங்கள் பர்ஸில் இல்லை, பேங்க் பாஸ்புக்கில் இல்லை. 40,000 என்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. சாதாரண நாளிலும் டிவியை யாரும் அந்த விலைக்கு விற்பதில்லை. திண்டுக்கல்லில் உங்களுக்குத் தெரிந்த கடையில் போய் அதே மாடலின் விலையைக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் 24,000-க்கும் உள்ள வித்தியாசம்தான் தள்ளுபடி. அதுவும் டிவி தேவைப்படுகிறவருக்கு மட்டும்தான் லாபம். ஓடுகிற டிவி வீட்டில் இருக்கும்போது 24,000-மும் செலவுதான்.

ஆடித் தள்ளுபடி எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளி வியாபாரம் படுத்துவிடும். தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்காக வியாபாரிகள் விலையைக் குறைத்தார்கள். அது அவர்களுடைய தேவைக்குப் பிறந்த ஏற்பாடு, அதில் தப்பில்லை. இன்றைக்கு ஆடிக்கென்றே தனியாகச் சரக்கு இறக்குகிறார்கள். ஆன்லைனில் நவராத்திரிக்கு முன்பே கடை விரித்துவிடுகிறார்கள், போனஸ் எப்போது கைக்கு வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் அந்த வட்டியில்லாத் தவணை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடுகிறது, அந்தத் தொகையை விற்பவர் விலையில் கழித்துவிடுகிறார். ஆனால் வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், அது கார்டுக்காரர் தலையில். போதாததற்கு ப்ராசசிங் கட்டணம் என்று பெரும்பாலும் ஒரு தொகை பிடிப்பார்கள், அதற்கும் ஜிஎஸ்டி. வருடத்துக்கு 15 சதவீத வட்டி, 199 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் டிவிக்கு 400 ரூபாய் சொச்சம் கூடுதலாகப் போகும்.

இதுகூடப் பெரிதில்லை. கார்டு உங்கள் தம்பியுடையது. ஏதோ ஒரு மாதம் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று 4,000 தட்டிவிட்டால் மாதம் 3.5 சதவீதம் அளவுக்கு வட்டி போடுகிற கார்டுகள் நிறைய, வருடத்துக்கு 42 சதவீதம். தாமதக் கட்டணம் தனி. கெட்டுப்போவது அவருடைய சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். நாளைக்கு அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது உங்கள் டிவி குறுக்கே வந்து நிற்கும். அக்காவிடம் முகம் கொடுத்துக் கேட்கவும் முடியாமல் அவர் தவிப்பார்.

மாமியார் சொல்வதில் மனசு சரி, வரிசைதான் தப்பு. போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கும் ஐந்து வருட ஆர்.டி.யில் 6.7 சதவீதம் வட்டி தருகிறார்கள். அடகுக் கடையில் நீங்கள் கட்டுவது 24 சதவீதம். 24 கொடுத்துக்கொண்டு 6.7 வாங்குவது சேமிப்பு ஆகாது. முதலில் வளையலை மீட்டுக் கையில் போடுங்கள். அசல் 20,000, வட்டி 2,000. மீதி 5,000-த்தில் பிள்ளைகளுக்குத் துணி, கொஞ்சம் பட்டாசு, மாமியார் கையால் அதிரசம், முறுக்கு. புதுத் துணி இல்லாமல் தீபாவளி கொண்டாடு என்று நான் சொல்ல மாட்டேன். மிக்ஸி வேண்டாம். ஜார் பிளேடு மழுங்கியிருந்தால் பிளேடை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

போனஸ் என்பது முதலாளி கொடுக்கும் பண்டிகை இனாம் இல்லை. கூலியில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று சட்டமே வைத்திருக்கிறது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு வேலை செய்ததற்கு உங்கள் கணவருக்கு நிறுத்தி வைத்துக் கொடுக்கும் கூலி அது. அந்தப் பணத்தை எடுத்த எடுப்பில் கடைக்காரர் எழுதிய விலைச் சீட்டிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது முக்கியமான இடம். மாதம் 4,000 தவணை கட்ட முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த 4,000 வீட்டில் இருக்கிறது. அதை நவம்பரிலிருந்து உங்களுக்கே தவணையாகக் கட்டுங்கள். 3,000 ரூபாயைப் போஸ்ட் ஆபீஸில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கிப் போடுங்கள், 500 ரூபாய் இருந்தால் கணக்குத் திறக்கலாம். அதைச் செல்போன் ஆப் எதனோடும் இணைக்காதீர்கள். மே மாதம் வரை ஏழு மாதத்தில் 21,000. அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு வளையல் கழற்ற வேண்டியதில்லை. மிச்சம் 1,000 ரூபாயை மாமியார் சொன்ன போஸ்ட் ஆபீஸிலேயே மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள். ஐந்து வருடத்தில் 60,000 கட்டியிருப்பீர்கள், கையில் வருவது சுமார் 71,000.

அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சிறுவாடு சேர்ப்பது நம் பெண்களின் பழைய வழக்கம், பல குடும்பங்களைக் காப்பாற்றிய வழக்கம். ஆனால் 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும், வருடக்கணக்காக மறைத்து வைத்ததைக் கணவர் முன்னால் எண்ணிக் காட்ட வேண்டிவந்த பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் வீட்டில் இருக்கட்டும். மற்றது உங்கள் பெயரில், உங்கள் பாஸ்புக்கில் இருக்கட்டும். தெருவில் யாரோ பிடிக்கிற தீபாவளிச் சீட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பதிவு பெற்ற சீட்டு ஆகிவிடாது.

டிவி ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஜூன் கட்டணம் கட்டிய பிறகு அந்தக் கணக்கில் மறுபடி பணம் சேர்ந்து, பழையதும் படம் மங்கிப்போயிருந்தால், ஒரு தள்ளுபடிச் சமயமாகப் பார்த்து உள்ளூர்க் கடையில் ரொக்கம் கொடுத்துப் பேரம் பேசி வாங்குங்கள். அதற்கு முன், இந்த வாரமே அடகுச் சீட்டை எடுத்துக் கெடு தேதியைப் பாருங்கள். பணம் கட்டும்போது வட்டியைக் கடைக்காரர் எத்தனை மாதத்துக்குப் போட்டிருக்கிறார் என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.