ஒன்பது தகரப் பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

தாராவி 90 அடி சாலையில் என் அப்பா 1979 முதல் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். 2010இல் மூடிவிட்டோம். டிஜிட்டல் கேமரா வந்தது, பிறகு செல்போன் வந்தது, கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் மொபைல் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. வீட்டு மாடியில் ஒன்பது தகரப் பெட்டிகள் நிறைய நெகட்டிவ்கள் கிடக்கின்றன. பழைய சாமான் வாங்கும் பங்கார் வியாபாரி ஒருவர் இரண்டு முறை வந்து பார்த்து விலை சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு இடம் போதவில்லை. மழைக்காலத்தில் மாடி ஒழுகுகிறது. அப்பாவிடம் கேட்டால் "உன் விருப்பம்" என்கிறார். அதற்கு மேல் பேசுவதில்லை.

பிலிமில் இருந்த உயிர் டிஜிட்டலில் இல்லை என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஜிட்டல் என் அப்பாவின் தொழிலைத் தின்றது என்பது மட்டும் தெரியும். பிலிமின் காலம் முடிந்துவிட்டது என்றால் அதன் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? கொடுத்துவிடலாமா?

க., தாராவி

*

அன்புள்ள க.,

கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அந்த வியாபாரி மீண்டும் வந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அவர் எதற்கு விலை சொன்னார் என்று கவனித்தீர்களா? விவரம் தெரிந்தவராக இருந்தால் ஆரஞ்சுப் பழுப்பில் இருக்கும் கலர் நெகட்டிவ்களை ஒதுக்கிவிட்டுக் கருப்பு வெள்ளை நெகட்டிவ்களைத்தான் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். காரணம் வெள்ளி. கருப்பு வெள்ளை நெகட்டிவில் கருமையாகத் தெரிவது மையும் அல்ல, சாயமும் அல்ல. நுண்ணிய வெள்ளித் துகள்கள். ஒளி பட்ட இடத்தில் இருக்கும் வெள்ளியுப்பு டெவலப்பர் என்ற மருந்தில் உலோக வெள்ளியாக மாறி அங்கேயே தங்கிவிடும். ஒளி படாத இடத்து உப்பை ஹைப்போ என்ற இன்னொரு மருந்து கரைத்து எடுத்துவிடும். கலர் பிலிமில் அப்படி இல்லை. அதிலிருக்கும் வெள்ளியைப் பிலிம் கழுவும் லேப்பிலேயே வெளுத்துக் கரைத்து எடுத்துவிடுவார்கள். நம் கைக்கு வருவது சாயம் மட்டும்.

சாயம் மங்கும். ஒழுங்காகக் கழுவிக் காய வைத்த வெள்ளிப் படிமம் நல்ல இடத்தில் இருந்தால் நூறாண்டு தாண்டியும் நிற்கும். ஆக, உங்கள் பெட்டிகளில் நெடுநாள் வாழக்கூடியது எதுவோ அதைத்தான் அவர் கேட்கிறார். முகங்களை இத்தனை காலம் பிடித்து வைத்திருக்கும் வெள்ளிக்காகவே அந்த முகங்கள் அழியப்போகின்றன.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்போது நாங்கள் குர்லாவில் தரைத்தளத்தில் இருந்தோம். கட்டிலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு அம்மா முதலில் தேடியது ரேஷன் கார்டை, அடுத்தது ஆல்பத்தை. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஆல்பம் அது. அவசரப்பட்டு நான் தாளை உரித்தேன். படத்தின் மேல்பூச்சு, முகத்தோடு, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நனைந்த படத்தைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டியபடி காய விடவே கூடாது என்பது அன்று எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தில் இருந்தது எங்கள் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1982இல் ஒரே ஒருமுறை பம்பாய்க்கு வந்தவள். அவள் உயிரோடு இருந்தபோது எடுத்த படம் அது ஒன்றுதான். நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருக்கும் என்ற தைரியத்தில் தண்ணீர் வடிந்த பத்தாம் நாள் அங்கே போனேன். கடைக்காரர் என்னை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு, "தம்பி, பழைய கருப்பு வெள்ளையை எல்லாம் மே மாதம்தான் எடைக்குப் போட்டேன்" என்றார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போட்டாராம். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை. ஆனால் அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

பிலிமில் உயிர் இருக்கிறது, டிஜிட்டலில் இல்லை என்ற பேச்சை உங்களைப் போல நானும் ஏற்கவில்லை. நல்ல படம் எதில் எடுத்தாலும் நல்ல படமே. பிலிமின் மணித்துகள் அழகு, அதன் நிறம் என்றெல்லாம் பேசுபவர்கள் பேசட்டும். உங்கள் பெட்டிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

டிஜிட்டல் அப்பாவின் தொழிலைத் தின்றது என்பதை மட்டும் கொஞ்சம் திருத்தச் சொல்வேன். உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் கையிலிருந்து வேலை ஒரேயடியாகப் பறிபோகவில்லை, மூன்று தவணைகளில் போனது. முதல் தவணை டிஜிட்டலுக்கு முன்பே நடந்தது. அது கலர்.

கருப்பு வெள்ளைக் காலத்தில் படம் எடுப்பவரே பிலிமைக் கழுவினார், அவரே பிரிண்ட் போட்டார். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருமுனை ஸ்டூடியோவுக்கு ஐஸ் வாங்கிக் கொடுக்கும் வேலை என்னுடையது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்துப் பம்பாயில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியில் வரும். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் மருந்து நீர்த்துவிடும். அதனால் பெரிய தட்டில் ஐஸைப் போட்டு, அதற்குள் மருந்துத் தட்டை வைத்து, ஸ்டூடியோக்காரர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சூடு ஏறினால் பிலிமின் ஜெலட்டின் இளகிவிடும். கல்யாணப் படம் என்றால் அவர் முகத்தில் ஒரு கவலை தெரியும். முகூர்த்தத்தை மறுபடியும் எடுக்க முடியாது அல்லவா?

பிறகு டச்சிங். அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. சாய்வான மரச்சட்டத்தில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடியால் ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தில் நுண்ணிய கோடுகள் போடுவார்கள். நெகட்டிவில் கருமை கூடினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணின் கருவளையமும் அப்படித்தான் மறைந்தன. பெண் பார்க்க அனுப்பும் படங்களில் இந்தப் பென்சில் வேலை எத்தனை பெண்களின் மனக்கவலையைக் குறைத்திருக்கும்!

கலர் வந்ததும் இந்த இரண்டு வேலைகளும் ஸ்டூடியோவை விட்டு வெளியேறின. கலர் பிலிமைக் கழுவ டெவலப்பர் சரியாக 38 டிகிரியில் இருக்க வேண்டும். இயந்திரம் இல்லாமல் அதை நாள்தோறும் செய்வது சிறிய கடைக்கு இயலாது. ரோலை தாதரில் இருக்கும் லேப்புக்குக் கொடுத்தனுப்பினார்கள், மறுநாள் பிரிண்ட் வந்தது. ஸ்டூடியோவின் இருட்டறை சாமான் போடும் அறையானது. அடுத்த தவணையில் டிஜிட்டல் வந்து லேப்பை முடித்தது. மூன்றாவதாகச் செல்போன் வந்தது. படம் எடுக்கவே ஆள் வேண்டாம் என்றானது. உங்கள் கடை மூடிய ஆண்டைப் பார்த்தால் அப்பா மூன்றையும் தாங்கியிருக்கிறார். பெரிய நிறுவனங்களே தாங்கவில்லை. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தைக் கேசட்டில் பதிக்க 23 வினாடி பிடித்தது. அந்தக் கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 1960இல் ஊட்டியில் தொடங்கிய நம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் நலிந்து மூடப்பட்டது. அதன் 'இந்து' பிலிம் உறைகள் உங்கள் பெட்டிகளில் இருந்தால் அவற்றையும் எறியாதீர்கள்.

கோடாக் 1935 முதல் விற்ற கோடாக்குரோம் என்ற கலர் பிலிமை 2009இல் நிறுத்தினார்கள். ஆலையிலிருந்து வந்த கடைசி ரோல் ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரிடம் போனது. 36 படங்கள். அதில் சிலவற்றை அவர் இந்த மும்பைக்கு வந்து இந்தி நடிகர்களை வைத்து எடுத்தார். உலகமே அதைப் பற்றிப் பேசியது, பேசட்டும். தாராவிக்காரர்களின் முகங்கள் உங்கள் மாடியில் இருப்பதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டவர்கள், தோல் பதனிடும் பட்டறையிலிருந்து கை கழுவிவிட்டு வந்து ஊருக்கு அனுப்பப் படம் எடுத்தவர்கள், முதல் பிறந்தநாளுக்குக் கண்மை தீட்டிய குழந்தைகள். இவர்களில் பலரின் வீட்டில் அந்தப் படம் இன்று இருக்காது. ஒழுகும் கூரையும் மாறிக்கொண்டே இருக்கும் வாடகை வீடும் அதை விட்டுவைத்திருக்காது. இப்போது தாராவியையே இடித்துக் கட்டப்போகிறார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்து எண் போட்டிருக்கிறார்கள். அந்தச் சந்துகளில் யார் எந்த முகத்தோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு கிடையாது. உங்களிடம் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மழைக்கு முன் பெட்டிகளை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். இருப்பதிலேயே உலர்ந்த அறையில், தரையில் படாமல் வையுங்கள். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் பிலிமின் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைகிறது என்று பொருள். அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். சாதாரணக் காகித உறை போதும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள்.

நகலெடுக்கப் பெரிய செலவு வேண்டாம். வெள்ளை வெளிச்சம் சீராக வரும் பலகை ஒன்று, கிட்டத்தில் எடுக்கும் லென்சோடு ஒரு டிஜிட்டல் கேமரா, ஆடாத ஸ்டாண்டு. எடுத்த படத்தைக் கணினியில் நேர்மாறாக்கினால் முகம் வந்துவிடும். கருப்பு வெள்ளையைவிடக் கலருக்கு அவசரம் அதிகம். அதன் சாயம் மங்கிக்கொண்டே இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை இப்படித்தான் எண்மமாக்கிப் பாதுகாத்தது. அவர்களுக்கும் எழுதுங்கள். மும்பைத் தமிழர்களின் படங்களை இப்படி யாரும் சேர்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த முகங்களை இணையத்தில் அள்ளிக் கொட்டாதீர்கள். அவர்கள் உங்கள் அப்பாவை நம்பி அவர் கேமராவின் முன் உட்கார்ந்தவர்கள். குடும்பத்தார் கிடைத்து, அவர்கள் சரி என்ற பிறகு வெளியிடுங்கள்.

அப்பா பேசுவதில்லை என்றீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். கருப்பு வெள்ளை நெகட்டிவ்களில் ஏதாவது ஒரு முகப் படத்தை எடுத்து, மங்கலாக இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி ஜன்னலோரம் சாய்த்துப் பாருங்கள். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் மினுமினுப்பாகக் கோடுகள் தெரிந்தால் அது பென்சில். உங்கள் அப்பாவின் கைக்கோடு. அதை அவரிடம் கொண்டுபோய், இது யார் என்று மட்டும் கேளுங்கள். விற்கலாமா என்று கேட்காதீர்கள்.

அப்படியே நோட்டுப் புத்தகம் எங்கே என்றும் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் நெகட்டிவ் எண், தேதி, பெயர் எழுதிய நோட்டு ஒன்று இருக்கும். ஒன்பது பெட்டிகளையும்விட அது பெரிது. அது இல்லாவிட்டால் பெயரெல்லாம் அப்பாவின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர் சொல்வதை உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். நான் இப்போது சயானில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலையில்லை. வெளிச்சப் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது, கையெழுத்தும் படிக்கும்படி இருக்கும். எந்த ஞாயிறு வரலாம் என்று அப்பாவைக் கேட்டு எழுதுங்கள்.