வட்டம் ஏன் அறுகோணமாயிற்று?

கேள்வி: வெள்ளிக் கொலுசு செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி நான். அப்பா கையால் வரையும் பூ வடிவங்களைப் பைத்தான் மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தைக் கொண்டு வரைய முயல்கிறேன். முதலில் ஒரு வட்டம் வரைவதற்காக, ‘டி’க்கு, சம இடைவெளியில் எண்களைத் தரும் லின்ஸ்பேஸ் கட்டளை மூலம் 0 முதல் 360 வரை மதிப்புகள் கொடுத்து, ‘எக்ஸ்’ என்பதைக் கோசைன் டி என்றும் ‘ஒய்’ என்பதை சைன் டி என்றும் எழுதினேன். வட்டத்திற்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றுத் திருப்பி வைத்தாற்போன்ற அறுகோணங்கள் வந்தன. அவையும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தன. பிழை எங்கே? ஐந்து இதழ்ப் பூவை எப்படி வரைவது?

— வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: ‘எக்ஸ்’, ‘ஒய்’ இரண்டையும் ‘டி’ என்ற மூன்றாவது மாறியால் எழுதும் துணையலகுச் சமன்பாடுகளைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வரைபடத்தில் ஒரு நெட்டுக்கோடு போட்டு, ‘இந்தக் கோட்டில் சாலை எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் பல விடைகள் வரும். ‘புறப்பட்ட பத்தாவது நிமிடத்தில் பேருந்து எங்கே இருந்தது?’ என்று கேட்டால் ஒரே விடைதான் வரும். அந்த நிமிடம்தான் உங்கள் ‘டி’.

பிழை அலகில் இருக்கிறது. நம்பை என்ற கணித நூலகத்தின் சைனும் கோசைனும் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று என்பது இரண்டு பை (2π), அதாவது ஏறத்தாழ 6.28 ரேடியன்; எனவே 360 ரேடியன் என்பது ஏறத்தாழ 57 முழுச் சுற்றுகள். எண்ணிக்கை சொல்லாவிட்டால் லின்ஸ்பேஸ் 50 புள்ளிகளை மட்டுமே தரும் என்பதால், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 360-ஐ 49-ஆல் வகுத்த அளவு, அதாவது 7.35 ரேடியன் இடைவெளி விழுகிறது. அது ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேல் ஏறக்குறைய 61 பாகையும் ஆகும். புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பதே பிளாட் கட்டளையின் வேலை. 60 பாகைக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தால் அறுகோணம் கிடைக்கும். மிஞ்சிய ஒரு பாகைதான் ஒவ்வோர் அறுகோணத்தையும் சிறிது திருப்பிவிட்டிருக்கிறது. நீங்கள் கண்டதை இவ்வளவு துல்லியமாக விவரித்ததால்தான் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடிகிறது. 0 முதல் இரண்டு பை வரை, 1000 புள்ளிகள் எனக் கொடுங்கள்.

இழுபட்டுத் தெரிவதற்குக் காரணம் வேறு: படத்தின் இயல்பான அளவு 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் ஆகையால், இரு அச்சுகளின் அலகுகளும் சமமாக இல்லை. செட் ஆஸ்பெக்ட் கட்டளைக்கு ‘ஈக்வல்’ என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

பூவுக்கு, கோசைன் டி, சைன் டி இரண்டையும் கோசைன் 5டி-யால் பெருக்குங்கள். 5 போன்ற ஒற்றை எண்ணுக்கு அத்தனை இதழ்களே வரும். 4 என்று கொடுத்தால் எட்டு வந்துவிடும். இந்த ஐந்து இதழ்ப் பூ 0 முதல் பை வரையிலேயே முழுமையடைந்துவிடும். இரண்டு பை வரை போனால் அதே கோட்டின்மேல் இன்னொரு முறை ஓடும். திரையில் அது தெரியாது. ஆனால் படத்தை, கோடுகளைக் கோடுகளாகவே பதியும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்துச் செதுக்கும் இயந்திரத்திற்குக் கொடுப்பதாக இருந்தால், ஊசி ஒரே தடத்தில் இருமுறை இறங்கும். ஆகவே பையோடு நிறுத்திவிடுங்கள்.