ராத்திரி செய்த வேலை யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் புது மேனேஜர் வந்தார். கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டு ஒரு வேலையைக் கொடுத்து, "காலைல என் டேபிள்ல இருக்கணும்" என்பார். எல்லாமே அவசரம். விடுமுறை நாளிலும் போன். அவருடைய சொந்த லோன் விண்ணப்பத்தைக்கூட நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். இப்போது, போன மாதம் கையெழுத்தாகாமல் விட்டுப்போன ஒரு ஒப்புதல் படிவத்தில் பழைய தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்கிறார். "பார்க்கிறேன் சார்" என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தாவது இதுவரை எந்த வேலையையும் தவறவிட்டதில்லை. பிறகும் ஏன் இப்படி நடத்துகிறார்? வேலையை விட்டுவிடலாமா? ஒரு வாரத்தில் நான் செய்யும் வேலைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: "இதுவரை எந்த வேலையையும் தவறவிட்டதில்லை" என்று பெருமையும் வருத்தமுமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்கான பதிலில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறார். காலை ஒன்பதுக்கு அது டேபிளில் இருக்கிறது. அவர் பார்ப்பது அவ்வளவுதான். நடுவில் போன ஆறு மணி நேரம் வருகைப் பதிவேட்டிலும் இல்லை, மெயிலிலும் இல்லை, அவர் தலையிலும் இல்லை. வந்து ஐந்தே மாதம் ஆனவர். அந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான், அதுவும் தப்பாக.

அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்தே கேட்கிறாரா என்பது இப்போதைக்கு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்த ராத்திரி நேரத்தை அவர் கண்ணில் படும்படி காகிதத்தில் வைப்பது. பார்த்த பிறகு என்ன செய்கிறார் என்பதில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன், அந்தப் படிவம். மற்ற எல்லாமே பேசித் தீர்க்கக்கூடியவை. இது அந்த வகையில் சேராது. பழைய தேதி போட்டுக் கையெழுத்திடாதீர்கள். "மேனேஜர் சொன்னார், செய்தேன்" என்பது ஆடிட்டில் கேடயம் ஆகாது. படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். 'எழுத்தில் கொடுங்கள், செய்கிறேன்' என்று சொல்லச் சிலர் யோசனை தருவார்கள். அதுவும் அரைகுறைப் பாதுகாப்புதான். அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தப்பு தப்புதானே. வெறுமனே மறுப்பதைவிட, அவர் தப்பிக்க ஒரு நேர்வழியைக் காட்டி மறுப்பது நல்லது. "சார், இன்றைய தேதியிலேயே கையெழுத்து போட்டுடறேன். தாமதமானதுக்கான காரணத்தை ஒரு குறிப்பா எழுதி இணைச்சுடலாம், ஆடிட்ல கேட்டா காட்டலாம்." தாமதம் என்பது விளக்கிவிடக்கூடிய குறை. தேதியைத் திருத்துவது மோசடிக் கணக்கில் போகும். பெரும்பாலான மேலதிகாரிகள் இதைச் சொன்னதும் இறங்கிவருவார்கள். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால், உள் தணிக்கைப் பிரிவுக்கோ, அவருக்கு மேலே இருப்பவருக்கோ எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நாள் கடத்த வேண்டாம். "பார்க்கிறேன்" என்ற சொல்லை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இனி வேலைச் சுமைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தோம். கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலை 12 மணி நேரம், வாராந்திர ரிப்போர்ட் 6, பில் பதிவு 10, பிற பிரிவுகளின் கேள்விகளுக்குப் பதில் 5, மீட்டிங் 5. மொத்தம் 38. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் உங்களிடம் மிச்சம் இரண்டே மணி நேரம். இதன் மேல் அவர் புதிதாக ஏற்றிய கிளைவாரி ஒப்பீடு 14 மணி நேரம். ஆக 52. மிஞ்சிய 12 மணி நேரம்தான் உங்கள் ராத்திரிகள். இந்தக் கூட்டலை நீங்கள் அவரிடம் ஒரு முறைகூடக் காட்டியதில்லை.

காட்டுவதற்கு முன் பத்து வேலை நாட்களுக்குக் குறிப்பு எடுங்கள். ஒரு சாதாரண நோட்டு போதும். எத்தனை மணிக்கு வேலை வந்தது, எப்படி வந்தது (நேரிலா, போனிலா, வாட்ஸ்அப்பிலா), என்ன கேட்டார், எப்போதுக்குள் கேட்டார், உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, அதனால் எது தள்ளிப்போனது. "செவ்வாய், மாலை 5.50. நேரில். கிளைவாரி ஒப்பீடு. காலை 9-க்குள். 4 மணி 40 நிமிடம். பில் பதிவு புதனுக்குத் தள்ளிப்போனது" என்ற அளவில் இருந்தால் போதும். 'கத்தினார்', 'வேண்டுமென்றே கொடுத்தார்' போன்ற சொற்கள் உள்ளே வரக்கூடாது. நாளைக்கு வேறொருவர் படிக்கும்போது அந்த ஒரு சொல்லே மொத்த நோட்டையும் புலம்பலாக்கிவிடும். அவர் உண்மையிலேயே கெட்ட வார்த்தை சொன்னால், அந்த வார்த்தையையே அப்படியே எழுதுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆதாரம் சேர்ப்பதாக நினைத்து அலுவலகக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைத்துவிடுவார்கள் சிலர். அது பல நிறுவனங்களில் விதிமீறல். புகார் கொடுக்கப் போனவர் விசாரணையில் நிற்க வேண்டிவரும்.

வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், நோட்டிலிருந்து சொல்லுங்கள். நினைவு பெரும்பாலும் குறைத்தே சொல்லும். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1970களிலேயே இதற்குத் 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன முறை தாமதமானது நன்றாகத் தெரிந்திருந்தும், இந்த முறை சீக்கிரம் முடிந்துவிடும் என்றே மனிதர்கள் கணக்குப் போடுகிறார்கள். அவர் கதவருகே நின்று "எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்கும்போது வாயில் வரும் "ரெண்டு மணி நேரம் சார்" அந்த ரகம். "பார்த்துட்டு பத்து நிமிஷத்துல சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பாருங்கள்.

பத்து நாள் முடிந்ததும் பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். வேலை கொடுக்கும் அந்த நொடியில் இதைப் பேசக்கூடாது, நாலு பேர் முன்னாலும் கூடாது. இரண்டு இடத்திலும் அவர் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். காலை நேரம் நல்லது. கையில் ஒரே ஒரு தாள்: இடப்பக்கம் 40, வலப்பக்கம் வேலைகளும் மணி நேரமும், அடியில் 52. "சார், இந்த வாரம் என்கிட்ட இருக்கிற வேலை இது. 12 மணி நேரம் அதிகமா இருக்கு. கிளைவாரி ஒப்பீட்டை இந்த வாரமே முடிக்கணும்னா, எதைத் தள்ளிவைக்கட்டும்?" இவ்வளவுதான் பேச்சு. 'முடியாது' என்ற சொல் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முடியாது என்றால் அது உங்கள் திறமையைப் பற்றிய பேச்சாகிவிடும். எதைத் தள்ளிவைக்கட்டும் என்றால் அது அவருடைய முடிவு. வரிசை போடுவது மேனேஜர் வேலை. இத்தனை நாளும் அதையும் சேர்த்து நீங்களே சுமந்துகொண்டிருந்தீர்கள்.

"எல்லாமே முக்கியம்தான், எப்படியாவது பாருங்க" என்பார். அனேகமாக அப்படித்தான் சொல்வார். அப்போது விவாதத்தில் இறங்க வேண்டாம். "சரி சார், அப்ப நான் ஒரு வரிசை போட்டு அனுப்பறேன், மாத்தணும்னா சொல்லுங்க" என்று எழுந்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் மெயில் போக வேண்டும்: "இன்று பேசியபடி, இந்த வாரம் கீழ்க்கண்ட வரிசையில் செய்கிறேன். ஒப்பீடு வெள்ளி மாலை. பில் பதிவில் பாதி அடுத்த வாரம் செவ்வாய்க்குள். வரிசையில் மாற்றம் தேவையென்றால் இன்று நான்கு மணிக்குள் தெரிவிக்கவும்." பிறகு அந்த வரிசைப்படியே செய்யுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். மெயில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் ராத்திரி உட்கார்ந்து அந்தப் பாதி பில்லையும் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் போட்ட கணக்கு பொய் என்று நீங்களே நிரூபித்தது போல ஆகிவிடும்.

மாலை ஆறு மணி வேலைக்குத் தனி வைத்தியம். வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது யாருக்குப் போகிறது, அவர் எப்போது பார்க்கப்போகிறார், முழுசாக வேண்டுமா, மேலோட்டமாகப் போதுமா? 'காலை ஒன்பது' என்பது பல சமயம் அவரே தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் இடைவெளி. மீட்டிங் மதியம் மூன்றுக்கு இருக்கும்; அதிலும் அவருக்குத் தேவைப்படுவது 14 பக்க ஒப்பீடு அல்ல, நான்கு எண்கள். "அந்த நாலு எண்ணை இப்பவே பதினைந்து நிமிஷத்துல எடுத்துத் தர்றேன், முழு அட்டவணை நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு" என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். காரணம் சொல்ல நேர்ந்தால் வேலையைக் காரணமாகச் சொல்லுங்கள், வீட்டை அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல், விருந்தாளி வருகிறார்கள் என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு நாளும் உங்கள் காரணத்தை எடைபோடும் தராசை அவர் கையில் கொடுத்ததாகிவிடும்.

விடுமுறை நாள் போன் பற்றி. முதலில் உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்து, வேலை நேரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எட்டு வருடத்தில் அதைத் திறந்தே பார்க்காதவர்கள் அதிகம். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சில நாடுகள் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல். உங்கள் இடத்தில் சட்டம் எப்படி இருந்தாலும், எது அவசரம் என்று அவரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். கணக்கு முடங்கிப்போனால், பணம் தப்பாகப் போனால் போன், மற்றதற்கெல்லாம் மெயில். மெயிலுக்கு வேலை நாள் காலையில் முதல் காரியமாகப் பதில். மணி அடித்த முதல் ஒலியிலேயே எடுத்துப் பழக்கிவிட்டீர்கள் என்றால், திடீரென்று எடுக்காமல் விடுவது சண்டையாகத் தெரியும். சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

லோன் விண்ணப்பம் போன்ற சொந்த வேலைகளுக்கு இந்தக் கணக்கு, வரிசை எதுவும் வேண்டாம். "இதை நான் பண்றது சரியா இருக்காது சார், மன்னிச்சிடுங்க." ஒரே வாக்கியம். காரணம் கேட்டாலும் அதே வாக்கியத்தையே சொல்லுங்கள். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து என்பார்களே, லோன் படிவத்திலிருந்து ஒப்புதல் படிவத்துக்கு வந்த பாதை அதுதான்.

உடம்பையும் கணக்கில் எடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களை ஒப்பிட்டது. நீண்ட நேரம் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். நீங்கள் 52-ல் இருக்கிறீர்கள், மாதக் கடைசி வாரத்தைச் சேர்க்காமலே.

இதையெல்லாம் செய்தும் மாறவில்லை என்றால்? எட்டு வாரம் கெடு வையுங்கள். அதற்குள் தாளைப் பார்த்தும், மெயிலைப் படித்தும் அவர் அதே ஆறு மணிக்கு அதே வேலையோடு வந்தால், தெரிந்தேதான் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது நோட்டோடு அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். போவதற்கு முன் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தேதி திருத்தம் போன்ற விவகாரத்துக்கு மட்டும் அந்த மரியாதை தேவையில்லை. ஹெச்.ஆர். பிரிவுக்குப் போனால் 'என்னைக் கொடுமைப்படுத்துகிறார்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'ஒப்பீட்டு வேலைக்கு இன்னொரு ஆள் வேண்டும்' அல்லது 'வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்' என்று குறிப்பாகக் கேளுங்கள். ஹெச்.ஆர். நிறுவனத்துக்காக வேலை செய்யும் பிரிவு. செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டால்தான் செய்வார்கள். அவர் திட்டுவது, அவமானப்படுத்துவது வரை போனால் எட்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி: விடலாம், ஆனால் ஒரு மோசமான மாலையில் அல்ல. வேறு வேலைக்கான ஆர்டர் கையில் வந்த பிறகு, நோட்டீஸ் காலம் எவ்வளவு, சேர்ந்திருக்கும் லீவுக்குப் பணம் உண்டா என்று பார்த்துவிட்டு விடுங்கள். எட்டு வார கெடு ஓடும்போதே தேட ஆரம்பிக்கலாம். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டு நாளைக்கே ஆரம்பிக்கட்டும். படிவத்துக்கான பதில் அதற்கும் முன்னால்: காலையில் அவர் உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வந்த கையோடு, அதையே இரண்டு வரியில் மெயிலாகவும் போட்டுவிடுங்கள்.