கடைசி பெஞ்சில் யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கல்வியும் சமூகமும் பற்றியவை, அதுவும் நம் ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து. கல்லூரியில் பல ஆண்டுகள் சமூகவியல் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவற்றை விட நல்ல கேள்விகளை நான் வினாத்தாளில் கேட்டதில்லை.

பி.எட். படிக்கிறேன். கல்விச் சமூகவியல் பாடத்தில் ஏகப்பட்ட பெயர்கள், ஏகப்பட்ட கோட்பாடுகள். மனப்பாடம் செய்தாலும் தலையில் நிற்கவில்லை. – மண்டபம்

பெயர்களை விட்டுவிட்டு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்கூடம் யாருக்காக வேலை செய்கிறது?

சமுதாயம் முழுவதற்காகவும் என்றார் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டர்கைம். பிரான்சில் தொடக்கக் கல்வி கட்டாயமான சில ஆண்டுகளில், 1887-இல், போர்தோ நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியவர் அவர். மூத்த தலைமுறை இளைய தலைமுறையைத் தன்னில் ஒருவராக ஆக்குவதே கல்வி என்பது அவர் கருத்து. அமெரிக்கரான டால்காட் பார்சன்ஸ் 1959-இல் அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். வீட்டில் 'எங்க பிள்ளை' என்பதற்காகவே தட்டு நிறையும். வகுப்பில் அப்படி இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அதற்குப் பிள்ளையைப் பழக்கி, தகுதிப்படி பிரித்து அனுப்புவதுதான் பள்ளியின் வேலை என்றார்.

அந்த அளவுகோல் உண்மையிலேயே ஒன்றுதானா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் குழு அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்தது. கட்டடம், கருவிகள் போன்றவற்றை விடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 1976-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் பவுல்ஸும் கின்டிஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மணி அடித்தால் எழு, மேலே இருப்பவர் சொன்னதைச் செய், பிடிக்காவிட்டாலும் மதிப்பெண்ணுக்காக உழை. இது தொழிற்சாலையின் ஒழுங்கு, அதைத்தான் பள்ளி பழக்குகிறது என்றார்கள்.

பாடநூல்கள் பெரும்பாலும் டர்கைமிலிருந்து தொடங்குகின்றன. என்னைக் கேட்டால் மராட்டியச் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயிலிருந்து தொடங்குவேன். 1882-இல், டர்கைம் போர்தோவுக்குப் போவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஆங்கில அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் புலே சாட்சியம் கொடுத்தார். உழவர் உழைப்பில் வரும் வரிப்பணம் மேல்தட்டுப் பிள்ளைகளின் உயர்கல்விக்கே போகிறது, உழவரின் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை என்றார். பள்ளி யாருக்காக என்ற கேள்வியை நம் மண்ணில் அவ்வளவு நேராகக் கேட்டவர் அவர்.

எங்கள் பள்ளியில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில். வீட்டில் மொழிவளமே இல்லை என்று நினைக்கிறேன். பேசில் பெர்ன்ஸ்டைன் சொன்னதும் இதைத்தானே? – ஆசிரியை, சாயல்குடி

இல்லை, டீச்சர். அவரை அப்படித்தான் பலரும் படித்தார்கள். அதை மறுத்தே அவர் ஓய்ந்தார்.

லண்டனில் சமூகவியலாளரான பெர்ன்ஸ்டைன் விளக்கியது இரண்டு வகைப் பேச்சை. படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால், "மூன்று பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஒருவன் உதைத்ததில் சன்னல் உடைந்தது" என்று ஒரு பிள்ளை சொல்லும். இன்னொன்று, "விளையாடுறாங்க, இவன் உதைச்சான், அது உடைஞ்சிருச்சு" என்னும். படம் நம் இருவர் கண் முன்னாலும் இருக்கும்போது இரண்டாவது பேச்சே போதும். ஆனால் பள்ளி கேட்பது முதல் வகையை. வீட்டிலேயே அது பழகிய பிள்ளைக்குப் பள்ளி வீட்டின் நீட்சி, மற்றதற்கு அது வேற்றூர்.

அப்புறம், அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் எழுதிய ஒரு சம்பவம். நியூயார்க்கின் ஹார்லெமில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பேட்டியாளரின் கேள்விக்கு வாயே திறக்கவில்லை. அடுத்த முறை அதே பேட்டியாளர் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, அவனுடைய நண்பனையும் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார். பையன் போட்டி போட்டுக்கொண்டு பேசினான். மாறியது பையன் அல்ல, இடம்தான்.

பாம்பன் சின்னப்பாலத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். கடலில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய அம்மாவின் விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒரு சிறுமி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, பல்லால் கடித்து இழுத்தாள். இழுத்தபடியே எது மரிக்கொழுந்துப் பாசி, எது கட்டக்கோரை என்று எனக்குப் பிரித்துக் காட்டினாள். வாடை அடித்தால் வடகடல் அமைதியாகக் கிடக்காது, கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் கிடக்காது, இரண்டுக்கும் நடுவில் நம் ஊர் என்று பருவக்காற்றுப் பாடத்தையே நடத்திவிட்டாள். மூன்றாம் வகுப்பு. வகுப்பில் பேசவே மாட்டாள் என்று அவள் அம்மாவே சொன்னார்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதற்குத்தான் 'பண்பாட்டு மூலதனம்' என்று பெயர் வைத்தார். அவரே சிற்றூர்த் தபால்காரரின் மகன். பேச்சு, உடை, புத்தகப் பழக்கம் எல்லாம் காசு மாதிரி. ஆனால் எந்த வீட்டின் காசு செல்லும் என்பதைப் பள்ளி தீர்மானிக்கிறது. அந்தச் சிறுமியிடம் காசு நிறைய இருக்கிறது, உங்கள் வகுப்பில் அது செல்லவில்லை.

ஆறாம் வகுப்பில் "வெள்ளென எந்திரிச்சு வந்தேன் சார்" என்று சொன்னதற்கு ஓர் ஆசிரியர் வகுப்பையே சிரிக்க வைத்தார். விடியற்காலை என்ற பொருளில் அகராதியிலேயே இருக்கிற சொல் அது. அந்த ஆண்டு முழுக்க நானும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொன்னேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன். பருவக்காற்றுப் பாடத்தை ஒரு நாள் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள்.

பிள்ளையை எந்த வரிசையில் உட்கார வைத்தால் என்ன? இதைக்கூடவா ஆராய்ச்சி செய்வார்கள்? – ராமேசுவரம்

செய்திருக்கிறார்கள். 1970-இல் சமூகவியலாளர் ரே ரிஸ்ட் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மழலையர் வகுப்பு ஒன்றைப் பற்றியது. பள்ளி திறந்த எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்துவிட்டார். நல்ல உடை, திருத்தமான பேச்சு உள்ளவர்கள் முதல் மேசையில். எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. இரண்டாம் வகுப்பு வரை போயும் அந்தப் பிரிவினை அநேகமாக மாறவில்லை. ஆசிரியரின் எதிர்பார்ப்புப் பற்றிய ரோசந்தால், ஜேக்கப்சன் ஆய்வுதான் (1968) அதிகம் பேசப்படுகிறது. அதன் கணக்கு மீது பலத்த சந்தேகங்கள் எழுந்தன. ரிஸ்ட் வகுப்பிலேயே இருந்து பார்த்தவர், நான் அவரையே நம்புகிறேன்.

உங்கள் ஊரிலேயே நடந்ததுதானே? ஐந்தாம் வகுப்பில் கோயில் குருக்களின் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்துல் கலாமை, புதிதாக வந்த ஆசிரியர் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். நண்பனின் தந்தையே ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். இத்தனை ஆண்டு கழித்தும் அந்த அழுகையைக் கலாம் நினைவில் வைத்து எழுதினார்.

குலக்கல்வித் திட்டம் என்கிறார்களே, அது என்ன? – தேவிபட்டினம்

1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்தது. பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. பெற்றோரின் நிலையே பிள்ளைக்கும் வந்து சேர்வதை, சமூக மறு உற்பத்தி என்று பூர்தியூ பின்னாளில் எழுதியதை, அன்றைய எதிர்ப்பாளர்கள் தெருவிலேயே புரிந்துகொண்டார்கள் என்பேன். தொழில் கற்பது குறையல்ல. பிறப்பைப் பார்த்துத் தொழிலைக் கொடுப்பதுதான் குறை.

பட்டம் வாங்கியும் மகனுக்கு வேலை இல்லை. முன்பு பத்தாவது போதும் என்ற வேலைக்கு இப்போது டிகிரி கேட்கிறார்களே? – கீழக்கரை

அமெரிக்க சமூகவியலாளர் ராண்டல் காலின்ஸ் 1979-இல் எழுதியது இதைத்தான். வேலையின் நுட்பம் கூடியதால் அல்ல, சான்றிதழ் வைத்திருப்போர் பெருகியதால் வாசல் உயர்த்தப்படுகிறது. உங்கள் மகன் மீது பிழையில்லை, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது படிக்கிற என் மகன் நாட்டுப்படகில் போக ஆரம்பித்துவிட்டான். "படிச்சவன் மட்டும் என்னத்தக் கண்டான்" என்கிறான். – ஒரு தாய், தங்கச்சிமடம்

அம்மா, உங்கள் மகன் சோம்பேறி இல்லை. இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில் பால் வில்லிஸ் பன்னிரண்டு பையன்களோடு பழகி 1977-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் வாத்தியாரைக் கேலி செய்தார்கள், சொன்னதைக் கேட்டு ஒழுங்காகப் படிப்பவர்களுக்குக் 'காது' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சான்றிதழ் வந்தாலும் தங்கள் தெரு மொத்தமும் மேலேறிவிடாது என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். அது பாதி உண்மைதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனமே அவர்களை அப்பன் வேலை செய்த தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் விட்டது. போனதும் தாங்களே விரும்பித்தான்.

அவன் கேள்வியைத் திட்டி அடக்காதீர்கள், அதில் பாதி நியாயம் இருக்கிறது. கடல் வேலையை மட்டமாகவும் பேசாதீர்கள், பேசினால் அப்பாவை இறக்கிப் பேசுவதாக எடுத்துக்கொள்வான். வகுப்பு ஆசிரியர் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவனோடு உட்கார முடியுமா என்று கேளுங்கள். பத்தாவதை முடித்துவிட்டால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று வழிகள் உண்டு, படகு எஞ்சின் தெரிந்த பையனுக்கு அங்கே மதிப்பும் உண்டு. விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. மறுநாளிலிருந்து பெரிய படகுக்காரர்கள் ஆள் தேடுவார்கள், பள்ளி திறப்பதும் அதே மாதம்தான். அதற்கு முன்னால் அவனோடு பேசிவிடுங்கள்.