3,000 ரூபாய்க்கு ஞாயிறு பள்ளிப் புத்தகங்கள்: எதை வாங்குவது?

கேள்வி: மயிலாடுதுறை அருகே எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். 4 முதல் 7 வயது வரை 15 பிள்ளைகள். புத்தகம், படம் வாங்க 3,000 ரூபாய் தருகிறார்கள். பாதிப் பேர் ஆங்கில வழியில் படிப்பதால் தமிழ் வாசிக்கத் திணறுகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: சகோதரி, பிள்ளைக்கு ஒன்று என்று 15 புத்தகம் வாங்கிவிடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நீங்கள் வாசிக்கக் கேட்கப்போகிறவர்கள். பெரிய படங்களோடு நல்ல வேதாகமக் கதைப் புத்தகம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். அவசர அவசரமாக மொழிபெயர்த்த புத்தகங்கள் நிறைய வருகின்றன. படம் கண்ணைப் பறிக்கும், வாக்கியம் நாக்கில் புரளாது. ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினால் அதை வைத்துவிடுங்கள். பிறகு கூட வந்தவரைப் புத்தகத்தை விரித்துப் பிடிக்கச் சொல்லி, கடைசிப் பிள்ளை பாயில் உட்காரும் தூரத்துக்குத் தள்ளி நின்று பாருங்கள். முகங்கள் தெரிய வேண்டும். பொன்முடியும் நீலக் கண்ணுமாக இயேசுவை வரைந்த புத்தகம் வேண்டாம். அவர் மேற்காசியாவில் பிறந்த யூதர்.

ஒவ்வொரு கதையின் கடைசி வரியையும் பாருங்கள். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கதை "நீயும் பகிர்ந்து சாப்பிடு" என்று முடிந்தால், ஐயாயிரம் பேருக்கு உணவளித்த இயேசு அங்கே காணாமல் போகிறார். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் இயேசுவுக்குப் பிடிக்கும் என்று 5 வயதில் மனதில் பதிந்துவிட்டால், அது லேசில் போகாது.

பெருவெள்ளத்திலிருந்து பேழையில் தப்பிய நோவாவின் கதையை மட்டும் தனியாகப் பாருங்கள். எல்லாப் புத்தகத்திலும் பேழை இருக்கும், ஒட்டகச்சிவிங்கி சிரிக்கும். நம் பக்கத்தில் தண்ணீர் விளையாட்டுப் பொருள் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிக் கரைகளில் எத்தனை வீடுகளைக் காலி செய்தது! 2018 நவம்பரில் கஜா புயல் வேறு. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தே வளர்கிறார்கள். "கெட்டவர்களைக் கடவுள் தண்ணீரில் அழித்தார்" என்று மட்டும் புத்தகம் சொன்னால், "டீச்சர், எங்க தாத்தாவும் கெட்டவரா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். ஆகவே வானவில்லுக்கும், இனி வெள்ளத்தால் பூமியை அழிப்பதில்லை என்ற வாக்குறுதிக்கும் தாராளமாக இடம் தந்திருக்கிற புத்தகமாக எடுங்கள். அந்தக் கேள்வி வந்தால் லூக்கா 13ஆம் அதிகாரம் உங்களுக்குக் கை கொடுக்கும். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று இயேசுவே சொல்கிறார்.

விதைக்கிறவன் உவமைக்குப் படமே வாங்க வேண்டாம். வரப்பில் சிந்திய நெல்லைக் குருவி கொத்துவதை நேரில் பார்த்த பிள்ளைகள் இவர்கள். ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் வயல் மண், கொஞ்சம் ஜல்லி, ஒரு முள் கிளை, ஒரு பிடி விதைநெல் கொண்டுபோங்கள். பிள்ளைகளே தூவட்டும். கதையின் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மனப்பாட வசனம் உங்கள் ஆலயத்தில் வாசிக்கிற மொழிபெயர்ப்பிலேயே இருக்கட்டும். சங்கீதம் 23 பழைய மொழிபெயர்ப்பில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்குகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "ஆண்டவரே என் ஆயர்". கதைப் புத்தகத்தில் ஒன்று, ஆராதனையில் இன்னொன்று என்றால் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். பாட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தஞ்சையில் ஆசிரியராக இருந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தந்த கீர்த்தனைகள் உங்கள் பாட்டுப் புத்தகத்திலேயே இருக்கும். பல்லவியை மட்டும் தாளம் தட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

தமிழ் வாசிப்புக்காக இருமொழிப் புத்தகம் தேட வேண்டாம். ஒரே பக்கத்தில் இரண்டு மொழி என்றால் எழுத்து பொடியாகிவிடும், பிள்ளையின் கண்ணும் பழகிய ஆங்கிலத்துக்கே ஓடும். வாரம் ஒரு வசனத்தைச் சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டுங்கள், விரல் வைத்துச் சேர்ந்து வாசியுங்கள். மிச்சப் பணத்துக்குச் சார்ட், ஸ்கெட்ச் பேனா, கிரேயான், வெள்ளைத் தாள் வாங்குங்கள். அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டுவதைவிட, கேட்ட கதையைப் பிள்ளை தானாக வரையும்போது என்ன புரிந்தது, எது புரியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கதைப் புத்தகத்துக்கு முதல் வாரமே தடித்த பிளாஸ்டிக் அட்டை போட்டுவிடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆலயத்து வெஸ்ட்ரி அறையின் மர அலமாரியில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுங்கள்.